தறிச் சத்தத்துக்கு ஏற்ற நாய்

அன்பும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆத்திரமுமாக, என் அப்பாவுக்கு,

அங்கே நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கென்ன, பெரியப்பா இங்கே அல்லவா இருக்கிறார்! சரி, நலம் விசாரித்தாயிற்று. இனிமேல் சண்டை.

நம் வீட்டுக்கு ஒரு நாய் வந்திருக்கிறது. அது வந்து சேர்வதற்குள் ஒரு கல்யாணத்துக்கு ஆகும் பேச்சும் ஒரு பஞ்சாயத்துக்கு ஆகும் சத்தமும் ஆகிவிட்டன. ஆனால் விஷயம் நாய் இல்லை அப்பா. நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த வீட்டில் இனி அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அது செல்லுமா, செல்லாதா? அதுதான் விஷயம். நாய் பாவம், நாலு காலோடு வந்து நடுவில் மாட்டிக்கொண்டது.

தொடங்கி வைத்தது நான்தான். மறைக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் குரோட்டன்ஸ் தொட்டி இருக்கிறதே, அதற்குள் குட்டி ஸ்பீக்கரை ஒளித்துவைத்து, யாராவது கேட்டைத் தட்டினால் மாடியிலிருந்து போனில் நாய் குரைக்கும் சத்தத்தைப் போட்டுவிடுவேன். தண்ணீர் கேன் போடுகிற அண்ணன் இரண்டு முறை ஏமாந்தார். என் தோழி ஒருத்தி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். மூன்றாவதாக மாட்டியவர் உங்கள் அண்ணன். கோபியிலிருந்து ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவர், சத்தம் கேட்டதும் தார் ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாகச் சாக்கடைத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டிவிட்டு உள்ளே போய்ச் சிரித்திருப்பீர்கள்.

பெரியப்பா சிரிக்கவில்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டே யோசித்தார். அவர் யோசித்தால் ஊருக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும்.

"அம்மணி, நெசமாலுமே ஒரு நாய் வேணுமாட்ட இருக்குது. ஆம்பள இல்லாத ஊடு. ஒரு கடுவன் நாயாச்சும் வாசல்ல கெடக்கோணும்."

அந்த 'ஆச்சும்' இருக்கிறதே அப்பா, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். இருபது வருஷம் பன்னிரண்டு விசைத்தறியை ஓட்டிய உங்கள் இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். தகுதி, வாலும் பல்லும்.

அம்மா காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் ஒரு நாய் இருந்தா நல்லாத்தானுங்க இருக்கும் மாமா. சாயங்காலம் தறி நிறுத்துன பொறகு..."

"அப்ப முடிஞ்சுது. ஞாயித்துக்கெழம போறோம்."

அம்மாவின் பாதி வாக்கியம் காப்பி ஆவியோடு போய்விட்டது. மீதிப் பாதி என்ன என்று பெரியப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் அப்போது வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு காரியம் மட்டும் செய்தேன். பெரியப்பா ஜாதி நாய்க்குட்டி விலைக்கு வாங்கக் கிளம்பினார். காப்பகத்தில் எத்தனையோ நாய்கள் வீடில்லாமல் கிடக்கும்போது குட்டி போடவைத்து விற்கிறவர்களிடம் எதற்குப் போகவேண்டும் என்று மூன்று நாள் அவர் காதைக் கடித்தேன். பெரிய வீட்டுக்காரர்கள் ஆசைக்கு வாங்கி அலுத்துப்போய் விட்டுவிட்டுப் போன ஜாதி நாய்களும் அங்கே உண்டு என்றதும் இறங்கிவந்தார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் இருந்தது அந்தக் காப்பகம். நாய் பார்க்கப் போனோமா, பெண் பார்க்கப் போனோமா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒரு குடும்பம், தங்கள் கார் நிறத்துக்குப் பொருத்தமாக வேண்டும் என்றது. இன்னொருவர் குட்டியாகவே இருக்கும் குட்டி வேண்டும் என்றார். நம் பெரியப்பா பல்லைப் பார்த்தார், நெஞ்சை அளந்தார், முதுகில் சுழி பார்த்தார், கடைசியில் "இது என்ன ஜாதிங்க?" என்று கேட்டார். மனிதரிடம் நேராகக் கேட்க வெட்கப்படுகிற ஊரில் நாயிடமாவது கேட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார்கள் போல.

அங்கே பொறுப்பாக இருந்த அக்கா ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எந்த நாய் வேணும்னு அப்பறம் பாக்கலாமுங்க. மொதல்ல உங்க வீட்டப் பத்திச் சொல்லுங்க" என்றார். எனக்கு அந்த அக்காவை அப்போதே பிடித்துவிட்டது. அவர் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் எல்லாம் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"பகல்ல வீட்டுல யாரு இருப்பீங்க?"

"இவுங்கதானுங்க இருப்பாங்க" என்றார் பெரியப்பா.

"நடக்கக் கூட்டிட்டுப் போறது யாரு?"

"தோட்டத்துல உட்டா அதுவா ஓடிக்குமுங்க." எந்தத் தோட்டம் அப்பா? நமக்கு இருப்பது மூன்று தென்னை.

"வீட்டுல சத்தம் எப்படிங்க? டி.வி., வண்டி, மெஷினு?"

அம்மா வாயைத் திறந்தார். "தறி..."

"அட, தறியெல்லாம் சத்தத்துல சேத்தியா அம்மணி? அமைதியான ஊடுங்க. கோயிலாட்ட இருக்கும்."

நான் சிரித்தேன். அவரைக் கேலி செய்வதற்காக இல்லை. எனக்கும் அது நிஜமாகவே சரி என்று பட்டது. சோமனூரில் பிறந்தவளுக்குத் தறி ஓடுவது சத்தமா? நின்றால்தானே நாம் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருவோம்! வீட்டைப் பார்க்க அந்த அக்கா வந்த நாளும் வாய்த்தது பாருங்கள், மின்வாரியம் கரண்டை நிறுத்தும் மாதப் பராமரிப்பு நாள். ஊரே கப்சிப். "நெஜமாவே அமைதியாத்தான் இருக்குதுங்க" என்று எழுதிக்கொண்டு போனார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு உயிரைப் பொய்க்குள் கூட்டிவந்துவிட்டோம்.

பெரியப்பா தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே அதிகமாகக் குரைத்த அல்சேஷன் கலப்பு. அவன் பயத்தில்தான் குரைக்கிறான் என்று அந்த அக்கா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அங்கேயே "வீரன்" என்று பெயர் வைத்தார். படிவத்தில் கையெழுத்தும் அவரே போட்டார். தங்குவது நம் வீட்டில், பொறுப்பு நம் அம்மாவுக்கு, கையெழுத்து கோபிக்காரருக்கு!

வீரன் நம் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை ஆறு மணிக்குத் தறி ஓடத் தொடங்கியது. பன்னிரண்டும் ஒன்றாக. வீரன் கட்டிலுக்கு அடியில் புகுந்தவன் வெளியே வரவில்லை. நான்கு நாள் அப்பா. சோறு தொடவில்லை. கதவின் கீழ்ப்பலகையை நகத்தால் பிறாண்டிப் பிறாண்டி, நகத்தில் ரத்தம். தறி நிற்கும் நேரத்தில் மட்டும் தலையை நீட்டி எங்களைப் பார்ப்பான். நான் அதுவரை பார்த்த எந்தக் கண்ணும் அப்படி என்னிடம் கேள்வி கேட்டதில்லை. ஊரில் ஒரு பையன், "உங்க வீரன் கட்டில்வீரனா?" என்றான். வழக்கமாக இப்படி ஒரு வரிக்கு நான் மூன்று வரி திருப்பிக் கொடுப்பேன். அன்றைக்கு நேராக வீட்டுக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பெரியப்பாவுக்குப் போன் போட்டோம். "பழகிக்கும். நாலு சாத்து சாத்துனா தன்னால வெளிய வருது" என்றார்.

அம்மா போனை வைத்தார். டாடா ஏஸ் வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். பின்னால் தார்ப்பாய் விரித்து, வீரனை நடுவில் படுக்கவைத்து, நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டோம். ஊர் எல்லை தாண்டி, கருமத்தம்பட்டி மேம்பாலம் ஏறியதும்தான் அவன் நடுக்கம் நின்றது. அளவு சரியில்லை என்று துணிக்கடைக்குத் திரும்பிப் போகிற மாதிரி ஒரு உயிரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோமே என்று எனக்கு அவமானமாக இருந்தது. பெரியப்பா மேல், மின்வாரியத்தின் மேல், சிரித்த என் மேல், எல்லார் மேலும் ஆத்திரம்.

அந்த அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வீரனை உள்ளே விட்டுவிட்டு வந்து, அதே படிவத்தின் புதுத் தாளை எடுத்தார். "மறுபடியும் மொதல்ல இருந்து கேக்கறேனுங்க. வீட்டுல சத்தம் எப்படி?"

பக்கத்து நாற்காலி இந்த முறை காலி. அம்மா அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு பேசினார்.

"பன்னெண்டு தறிங்க. ஊட்டுச் செவுத்தோட ஒட்டி இருக்குது. காலைல ஆறுக்குப் போட்டா சாயங்காலம் எட்டு வரைக்கும். நானும் ரெண்டு ஆளும் ஓட்டறோம். பஞ்சு பறக்கும், தும்மல் வரும். புள்ள ஸ்கூல் போயிருவா. எனக்கு முட்டி வலிங்க, இழுத்துட்டு ஓடற நாயா இருந்தா என்னால முடியாது. மெதுவா நடக்கறதா இருந்தா காலைல அஞ்சரைக்குக் கூட்டிட்டுப் போவேன். கறி ஊட்ல செய்ய மாட்டோமுங்க, முட்டை வேணும்னா வேக வெச்சுத் தாரேன். எட்டு மணிக்குத் தறி நின்னா அதுக்கப்பறம் ஊட்ல யாரோட பேசறதுன்னு எனக்குத் தெரியறதில்லீங்க. அதுக்குத்தான் கேட்டேன். காவலுக்கில்லீங்க."

அன்றைக்குக் காப்பி ஆவியோடு போன மீதிப் பாதி இதுதான் அப்பா. நான் வீட்டில் இருக்கும்போதே யாரோடு பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லையாம். நான் போனில் இருப்பேன்.

அந்த அக்கா பேனாவை மூடினார். "ஒருத்தி இருக்கா" என்றார். "ஆனா ரெண்டு வீட்டுல இருந்து திரும்ப வந்துட்டா. கூப்பிட்டா வரமாட்டேங்கறா, திமிர் புடிச்ச நாய்னு சொல்லிக் கொண்டாந்து விட்டுட்டாங்க. திமிர் இல்லீங்க. பொறந்ததுல இருந்து காது கேக்காது."

பின்கட்டில் ஜெனரேட்டர் கொட்டகை இருந்தது. டீசல் சத்தம் காதைப் பிளந்தது. மற்ற நாய்கள் அந்தப் பக்கமே வரவில்லை. அதன் சுவரில் முதுகைச் சாய்த்து, முழு வெள்ளையாக ஒரு நாட்டு நாய் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு வெட்டு. வேலை செய்யாத காதுக்கும் முத்திரை குத்தியிருந்தார்கள்.

அந்த அக்கா தரையைக் காலால் தட்டினார். அது கண்ணைத் திறந்தது. அப்போது அம்மா ஒரு காரியம் செய்தார். யோசித்துச் செய்யவில்லை, கை பழக்கத்தில் போயிற்று. உள்ளங்கையைக் கீழே பார்க்கவைத்து விரல்களை இரண்டு தரம் மடக்கினார்.

உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் இதை மற்றவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக: தறிக் குடோனில் யாரும் வாயால் பேச முடியாது. கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லாம் கைதான். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினால் நூல் அறுந்தது. கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. விரல்களை இரண்டு தரம் மடக்கினால், இங்கே வா. நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே இந்த பாஷையைப் படித்தவள். வகுப்பில் பரீட்சை நேரத்தில் அதை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அது அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தது. எழுந்து, சோம்பல் முறித்து, நிதானமாக நடந்துவந்து அந்தக் கைக்கு அடியில் தலையைக் கொடுத்தது.

"தும்பப்பூவாட்ட இருக்கறா. தும்பைன்னே பேர் வெச்சரலாம்" என்றார் அம்மா.

"காது கேக்காததுக்குப் பேர் எதுக்கும்மா?" என்றேன்.

"நம்ம கூப்படறதுக்கு."

உடனே கொடுத்துவிடவில்லை அந்த அக்கா. மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து அதோடு இருந்துவிட்டுப் போகச் சொன்னார். மூன்றாவது ஞாயிறு தும்பையைக் கூட்டிக்கொண்டு அவரே வந்து, தறி ஓடும்போது நம் குடோன் வாசலில் ஒரு மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். கேட் எப்போதும் சாத்தியிருக்க வேண்டும், லாரி வருவது அதற்குக் கேட்காது. தூங்கும்போது பின்னால் போய்த் தொடக் கூடாது, தரையைத் தட்ட வேண்டும். கழுத்துப் பட்டையில் 'எனக்குக் காது கேட்காது' என்று எழுதிய தகடு வேண்டும். அம்மா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கோணலாக, ஆனால் கோட்டுக்கு மேலேயே.

தும்பை வந்த மறுநாள், குடோன் சுவரில் முதுகைச் சாய்த்துத் தூங்கியது. பன்னிரண்டு தறியும் அதற்குத் தாலாட்டு போல.

நான்காம் நாள் பெரியப்பா வந்தார். அந்த உரையாடலை அப்படியே எழுதுகிறேன். நம் ஊரில் சண்டையிலும் 'ங்க' குறையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

"என்ன அம்மணி இது?"

"நாயிங்க மாமா."

"கடுவனா?"

"பொட்டைங்க."

"என்ன ஜாதி?"

"நாட்டு நாயிங்க."

பெரியப்பா குனிந்து அதன் தலைக்குப் பின்னால் கை தட்டினார். இரண்டு தடவை. தும்பை தூக்கத்தில் வாலை மட்டும் சரிசெய்துகொண்டது.

"காது கேக்காதுங்க மாமா."

அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "புத்திகித்தி இருக்குதா அம்மணி? ஊர்ல இருக்கற நாயெல்லாம் உட்டுப்போட்டு, பொட்டையா, செவுடாப் பாத்துக் கொண்டாந்து கட்டியிருக்கற! திருடன் வந்தா இது எந்திரிக்கவாச்சும் செய்யுமா? தம்பி போன பொறகு ஆம்பள இல்லாத ஊட்ல..."

என் நாக்கு நுனியில் ஒரு வரி தயாராக இருந்தது: 'இந்த வீட்டுல காது கேக்காதது நாய் மட்டுமில்லீங்க பெரியப்பா.' நல்ல வரி. வாயைத் திறந்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"காப்பி குடிங்க மாமா, ஆறிப்போயிரும்" என்றார் அம்மா. "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. திருடனுக்குக் கேமரா மாட்டியிருக்கறனுங்க. கேட்டுக்குப் பூட்டு இருக்குது. நாய் எனக்குங்க. அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க முழுசாக் கேக்கலீங்க. நீங்க பாத்துக் குடுத்த நாய் நாலு நாள் பட்டினி கெடந்துச்சு, அதக் கொண்டுபோய் உட்டதும் நாங்கதானுங்க. அப்பறம், ஆம்பள இல்லாத ஊடு, ஆம்பள இல்லாத ஊடுன்னு சொல்றீங்களே மாமா... இது பொம்பளைங்க இருக்கற ஊடுங்க. இனிமே அப்படியே சொல்லுங்க."

குரல் உயரவே இல்லை அப்பா. கை மட்டும் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

பெரியப்பா எழுந்துவிட்டார். டம்ளரில் பாதிக் காப்பி மிச்சம். நம் வீட்டில் யாரும் காப்பியை மிச்சம் வைத்துப் போனதில்லை. "வாரேன்" என்றுதான் சொன்னார், ஆனால் இரண்டு வாரமாகிறது, வரவில்லை. வாரம் தவறாமல் வரும் போனும் வரவில்லை. அம்மா அந்த நேரத்தில் போனைப் பார்க்கிறார், பார்க்காத மாதிரி இருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை என்று எனக்கும் தெரியும். உங்கள் காரியத்தன்று உட்காராமல் சாப்பிடாமல் ஓடியவர் அவர்தான். அன்பு இருந்தால் அடுத்தவர் வாக்கியத்தைப் பாதியில் வெட்டலாமா? வருவாரா அப்பா?

இனி உங்களுக்கு வருகிறேன். தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

இத்தனை நாளும் பெரியப்பாவைத் திட்டித் திட்டி, ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டேன். அம்மாவுக்குப் பதிலாகப் பேசும் இந்த வித்தை அவருக்கு மட்டுமா தெரியும்? ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடம் "எங்கே வலிக்குது?" என்றால் நீங்கள் அம்மாவின் முட்டியைக் காட்டுவீர்கள். வங்கியில் அம்மாவிடம் கேட்டால், "அவளுக்கென்னங்க தெரியும், எங்கிட்டக் கேளுங்க" என்று சிரிப்பீர்கள். ஓட்டலில் சர்வர் அம்மா பக்கம் திரும்பும் முன்பே, "அவளுக்கு ரெண்டு இட்லி போதும்" என்பீர்கள். அம்மாவும் சிரிப்பார், நானும் சிரிப்பேன். எவ்வளவு அன்பான குடும்பம்!

இரண்டாவது ஞாயிறு, தும்பையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காந்திபுரத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். சர்வர் கேட்டார். நான் பழக்கத்தில், "அம்மாவுக்கு ரெண்டு இட்லி" என்றேன். அம்மா, "இல்லீங்க, எனக்கு நெய் ரோஸ்ட்" என்றார். முழுசாகச் சாப்பிட்டார். ஓரத்து முறுகலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

அம்மாவுக்கு நெய் ரோஸ்ட் பிடிக்கும் அப்பா. உங்களுக்குத் தெரியுமா? இருபது வருஷத்தில் ஒரு தடவையாவது தெரிந்துகொண்டீர்களா? கோபமாகத்தான் கேட்கிறேன். உங்களிடம் கோபப்பட இன்னும் எனக்கு உரிமை இருக்கிறது என்பது ஒன்றுதான் இதில் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

நேற்று ஒருவர் வந்தார். அரசுக் கணக்கெடுப்பாம், கையில் டேப்லெட். தும்பை சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தது. நான்தான் கேட்டைத் திறந்தேன். "ஏனுங்க அம்மணி, வீட்டுப் பெரியவங்க, பதில் சொல்றவங்க யாராச்சும் இருக்கறாங்களா?" என்றார். எனக்குள் ஐந்து பதில் வரிசை கட்டி நின்றன, ஒன்றைவிட ஒன்று நன்றாக. குடோனிலிருந்து அம்மா வந்துகொண்டிருந்தார், தலை முழுக்கப் பஞ்சு, முட்டி வலியால் மெதுவாக. அவர் வந்து சேர அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தில் ஊரையே சிரிக்கவைக்க என்னால் முடியும்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சொல்லுங்க" என்றார் அம்மா, வந்து நின்று, மூச்சு வாங்கி. "நான்தானுங்க."

இதோ என் வாக்கு அப்பா, உங்களிடம் எழுதிக் கொடுக்கிறேன்: அம்மாவைப் பார்த்துக் கேட்கப்பட்ட எந்தக் கேள்விக்கும் இனி நான் பதில் சொல்லமாட்டேன். எவ்வளவு நல்ல பதில் என்னிடம் இருந்தாலும். அம்மா வந்து சேர எவ்வளவு நேரம் ஆனாலும்.

நீங்கள் செய்யாமல் விட்டதைச் செய்யப்போகும்,
உங்கள் ஒரே மகள், தும்பையின் ஒரே அக்கா,
தாரணி